ஒரு தடவைக்கு எவ்வளவு நெல் அவிக்கலாம்? எத்தனை லிட்டர் அண்டா வாங்குவது?

திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ மாப்பிள்ளைச் சம்பா விதை பெற்று, ஒற்றை நாற்றாக ஒரு ஏக்கர் நட்டு, 15 மூட்டை கண்டிருக்கிறீர்கள். மனதார வாழ்த்துகிறேன். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவது அந்தத் திருவிழாவின் வழக்கம். அந்த விதைநெல்லை முதலில் தனியாகக் கட்டி வைத்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. வீட்டிலேயே புழுங்கல் அரிசி எடுக்க வேண்டும், மூன்று மூட்டையை ஒரே தடவையில் அவித்துவிட 500 லிட்டர் அண்டா வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வீட்டில் ஐந்து பேர் என்கிறீர்கள். 100 லிட்டர் அண்டா ஒன்று போதும். அதில் ஒரு தடவைக்கு அரை மூட்டை, அதாவது 30 கிலோ போடுங்கள்.

நீடாமங்கலம் பக்கம் நான் மருமகளாக வந்து இரண்டாவது வருடம், பழைய பாத்திரக் கடையில் 300 லிட்டர் கொப்பரை ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். வேலை ஒரே நாளில் முடியும், விறகும் மிச்சம் என்பது என் கணக்கு. என் மாமியார் கொப்பரையைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இவ்வளவையும் காயப் போட யார் இருக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். குறுவை அறுத்த ஐப்பசி அது. இரண்டு மூட்டை அவித்து மாடியில் கொட்டிய அன்று பிற்பகலே மழை பிடித்துக்கொண்டது. இருவரும் வாரி வாரிக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். பாதி நெல் அம்பாரமாகத்தான் கிடந்தது. மறுநாள் இரவு அதற்குள் கையை விட்டேன். காய்ச்சல் கண்ட உடம்பைப் போலச் சுட்டது. புளித்த வாடை. மூன்றாம் நாள் நெல்லின் மேல் பூசணம். மாட்டுக்குப் போடவும் மனம் வராமல் எருக்குழியில் கொட்டினோம்.

அவித்த நெல்லில் ஈரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும். அதை 14 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால்தான் அரைக்கலாம். காயாத நெல் ஒரு நாள்கூடக் காத்திருக்காது. ஆகவே, அண்டா வாங்கும் முன் மாடியை அளந்து பாருங்கள். அரை அங்குல கனத்தில் பரப்பினால் ஒரு மூட்டைக்கு ஏறத்தாழ 100 சதுர அடி பிடிக்கும். கிளறுகிறவர் நடக்க இடம் வேண்டும், மழை வந்தால் வாரிக் கொட்டக் கூரையுள்ள இடமும் வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம் யாராவது கிளற வேண்டும். உங்கள் வீட்டில் பகலில் இருப்பது நீங்களும் அம்மாவும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அரை மூட்டை என்றால் இருவரும் கால் மணி நேரத்தில் வாரிவிடுவீர்கள்.

சாப்பாட்டுக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. 60 கிலோ மூட்டை ஒன்றை அவித்து அரைத்தால் சுமார் 38 கிலோ அரிசி கிடைக்கும். ஐந்து பேருக்கு இட்லி தோசையும் சேர்த்து ஒரு மாதம் ஓடும். மாதத்துக்கு இரண்டு அவியல், தடவைக்கு அரை மூட்டை. மீதியை நெல்லாகவே வைத்திருங்கள். உமிக்குள் இருக்கும்வரை பூச்சி எளிதில் அண்டாது.

இப்போது அண்டாவுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு கிலோ நெல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லிட்டர் இடம் கேட்கும். 30 கிலோவுக்கு 53 லிட்டர். ஊறியதும் உப்பி 60 லிட்டரைத் தாண்டும். அதற்கு மேல் நாலு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே இருக்கும் நெல் ஊறாது. ஆக 80, 85 லிட்டர் வந்துவிடுகிறது. துழாவும்போது தளும்பாமல் இருக்க விளிம்புக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டால் 100 லிட்டர். ஒரு மூட்டையை ஒரே தடவையில் போட்டுத்தான் தீர வேண்டும் என்றால் இதே கணக்கில் 180 முதல் 200 லிட்டர் தேவை.

ஊறப்போட நான் சுடுதண்ணீர் முறையையே சொல்வேன். பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறினால் தண்ணீர் புளித்து, அந்த நாற்றம் சோற்றிலும் வரும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வகுத்த முறையில், 70 டிகிரி அளவில் மூன்று, மூன்றரை மணி நேரம் ஊறினால் போதும். வீட்டில் இதற்கு 45 லிட்டர் தண்ணீரை 85 டிகிரிக்குச் சூடாக்கி, 30 கிலோ நெல்லைக் கொட்டித் துழாவினால் சூடு தானாக 70-க்கு இறங்கி நிற்கும். மேலே தட்டு மூடி, சாக்கு போர்த்திவிடுங்கள். மாப்பிள்ளைச் சம்பா தடித்த நெல் என்பதால் அரை மணி கூடுதலாக விடுகிறேன். அண்டா மிகச் சிறிதாக இருப்பதும் இங்கே இடைஞ்சல்தான். 20 லிட்டர் தவலையில் ஒரு மணி நேரத்திலேயே சூடு ஆறிவிடும், நெல் அரை ஊறலாக நின்றுவிடும்.

பிறகு தண்ணீரை வடித்து, அடியில் நாலு விரல் மட்டும் விட்டு, ஈரச் சாக்கால் மூடி எரிக்க வேண்டும். ஆவி மேலே வந்து, உமி வாய் பிளக்கத் தொடங்கியதும் இறக்கிவிடலாம். இங்கேதான் அண்டாவின் உயரம் வேலையைக் காட்டும். ஆழமான பாத்திரத்தில் அடி நெல் வெந்து வெடித்து அரிசி பிதுங்கும். மேல் நெல்லுக்கு அப்போதுதான் ஆவியே எட்டும். மேலிருந்தும் நடுவிலிருந்தும் ஒவ்வொரு நெல்லாக எடுத்து உமியை நீக்கி, நகத்தால் குறுக்கே கிள்ளிப் பாருங்கள். முழுவதும் கண்ணாடி போல இருந்தால் வெந்துவிட்டது. நடுவில் சுண்ணாம்புப் புள்ளி போல வெள்ளை தெரிந்தால் இன்னும் வேகவில்லை. அந்த அரிசி மில்லில் அந்த இடத்திலேயே உடைந்து குருணையாகும். அதனால் உயரத்தைவிட அகலம் கூடுதலாக இருக்கும் அண்டாவாகப் பாருங்கள்.

அலுமினியமோ எவர்சில்வரோ, கனமான அடி இருக்கட்டும். இரும்புப் பீப்பாய் துருவேறி அரிசியின் நிறத்தைக் கெடுக்கும். எண்ணெயோ மருந்தோ இருந்த பீப்பாய் பக்கமே போகாதீர்கள். அடியில் ஒரு குழாய் வைத்துப் பற்றவைத்துக்கொண்டால் பெரிய உதவி. நெல்லும் தண்ணீருமாக அண்டா 75 கிலோ கனக்கும், அந்தச் சூட்டோடு அதைச் சாய்த்து வடிக்க யாராலும் முடியாது. எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படித்தான் கால் வெந்தது.

காய வைப்பதையும் ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். பாதி காய்ந்ததும் நிழலில் குவித்து இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி பரப்புங்கள். உச்சி வெயிலில் ஒரேயடியாகக் காய்ந்த நெல்லில் கீறல் விழும். உங்கள் நெல் தையில் அறுத்தது என்பதால் மாசி, பங்குனி வெயில் அமைந்திருக்கிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் சாப்பிட வேண்டிய இரண்டு மூட்டையைப் புரட்டாசிக்குள் அவித்து அரைத்து வைத்துவிடுங்கள். அடைமழையில் அடுப்பே மூட்ட வேண்டாம்.

பக்கத்து மில்லில் ஒரு மூட்டைக்குக் குறைந்தால் அரைத்துத் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பல இடங்களில் மாட்டார்கள். அப்படியானால் அடுத்தடுத்த நாளில் இரண்டு அவியல் போட்டு, இரண்டும் ஒரே பதத்தில் காய்ந்தபின் சேர்த்துக் கொண்டுபோங்கள். பதம் பார்க்கப் பல்லில் வைத்துக் கடித்தால் போதும், 'டக்'கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. உடனே எதையும் விலைக்கு வாங்க வேண்டாம். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடைகள் வலங்கைமானிலும் மன்னார்குடியிலும் இருக்கின்றன. 100 லிட்டர் அண்டா ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, 30 கிலோ அவித்துப் பாருங்கள். ஊறியபின் நெல் எந்த உயரத்தில் நிற்கிறது என்று ஒரு குச்சியில் குறித்துக்கொண்டு, அந்தக் குச்சியோடு கடைக்குப் போங்கள்.