"ட்ரிப் ஆகிறது" என்று புகார் எழுதாதீர்கள்

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன்னால் வீடு முழுக்க வயரிங் மாற்றினோம். லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்தான். அதிலிருந்தே குளியலறை ஹீட்டரைப் போட்டால் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகிக்கொண்டே இருந்தது. பலமுறை போன் செய்தபிறகு போன மாதம் ஓர் ஆளை அனுப்பினார். வந்தவர் சுவிட்சுகள் இருக்கும் மெயின் பெட்டியைத் திறந்து கால் மணி நேரத்தில் எதையோ மாற்றிவிட்டு, "இனிமே ட்ரிப் ஆகாதும்மா" என்று சொல்லிப் போய்விட்டார். ட்ரிப் நின்றுவிட்டது. ஆனால் இப்போது ஹீட்டர் ஓடும்போது குழாயைத் தொட்டால் விரலில் சுருக்கென்கிறது. கான்ட்ராக்டர் போனை எடுப்பதே இல்லை. கடைசித் தவணை இன்னும் கொடுக்கவில்லை. லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லிப் புகார் கொடுப்போம் என்கிறார் கணவர். வேறு ஆளை வைத்துச் சரிசெய்துவிட்டுப் பேசாமல் இரு என்கிறார் மாமியார். பெட்டியின் படங்களை அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?
(பெயர் வேண்டாம்)

பதில்: முதலில் எழுந்து போய் ஹீட்டரின் எம்.சி.பி.யை (பெட்டியில் அதற்கென்று இருக்கும் சுவிட்சை) இறக்கிவிட்டு, கை ஈரமில்லாமல் அதன் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

ஹீட்டரோடு நிறுத்தவும் வேண்டாம். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் என உலோக உடம்பு உள்ள எதைத் தொட்டாலும் அதே சுருக்கென்ற உணர்வு வந்தால், தயங்காமல் மெயினையே இறக்கிவிட்டு அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். பெட்டிக்குள் எர்த் ஒயர் விட்டுப்போயிருந்தால், ஹீட்டரில் கசிகிற கரண்ட் அந்த எர்த் ஒயர் வழியாகவே மற்ற சாமான்களின் உடம்புக்கும் வந்து நிற்கும். பாதுகாப்புக்காகப் போட்ட ஒயரே ஷாக்கை வீடு முழுக்க விநியோகம் செய்யும்.

சரி, படங்களுக்கு வருவோம். வேலை முடிந்த அன்று எடுத்தது ஒன்று, போன வாரம் எடுத்தது ஒன்று. பெரிதாக்கிப் பாருங்கள். முதல் படத்தில் ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் 0.03 ஆம்பியர் என்று இருக்கிறது. இரண்டாவதில் 0.3 ஆம்பியர். அதே நிறம், அதே அளவு, நடுவில் ஒரு சுழியத்தை மட்டும் காணோம். வந்தவர் கால் மணி நேரத்தில் செய்த வேலை அதுதான்.

அந்தச் சுழியம் என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்று ஆர்.சி.சி.பி. பார்த்துக்கொண்டே இருக்கும். சமமில்லை என்றால் மிச்சம் வேறு வழியில் போகிறது என்று அர்த்தம். அந்த வழி எர்த் ஒயராக இருக்கலாம், ஈரச் சுவராக இருக்கலாம், உங்கள் உடம்பாகவும் இருக்கலாம். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் கரண்டைத் துண்டிப்பது 0.03. ஆள் உயிரைக் காப்பதற்கென்றே வைத்த அளவு அது. 0.3 என்றால் 300 மில்லி ஆம்பியர். கசிவினால் தீப்பிடிக்காமல் இருக்க மெயினில் அதைப் போடுவதுண்டு, அதனால் போலிச் சாமான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குளியலறைக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. அது விழித்துக்கொள்வதற்குள் இதயம் நின்றுவிடலாம்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ட்ரிப் ஆனது கான்ட்ராக்டரின் குற்றமாக இல்லாமலும் இருக்கலாம். ஹீட்டர் காயிலில் விரிசல் விட்டு நீர் இறங்கினால் கசிவு வரும், ஆர்.சி.சி.பி. விழும். அது தன் வேலையைத்தான் செய்தது. ஹீட்டர் நீங்கள் வாங்கியது என்றால் அந்தக் கணக்கு உங்களுடையது. "எட்டு மாதமாக ட்ரிப் ஆகிறது" என்று புகாரைத் தொடங்கினால், "ஹீட்டர் பழுது, வயரிங் நல்லாத்தான் இருக்கு" என்று அவர் ஒரே வரியில் பதில் எழுதிவிடுவார். புகார் அங்கேயே படுத்துவிடும்.

அவர் தப்பிக்க முடியாத இடங்கள் இரண்டு. ட்ரிப் ஏன் ஆகிறது என்று தேடாமல், ட்ரிப் ஆகாத சாமானை மாட்டிவிட்டுப் போனது ஒன்று. குழாயில் ஷாக் வருவது இன்னொன்று. எர்த் ஒழுங்காக இருந்தால் கசிவு அந்த வழியே இறங்கிவிடும், உங்கள் விரலைத் தேடி வராது. எர்த் முதலிலிருந்தே இல்லையா, இல்லை ட்ரிப்பை நிறுத்துவதற்காக வந்தவர் கழற்றி விட்டாரா? (அப்படியும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.) அதை அளந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

அதனால் மாமியார் சொன்னதில் பாதியைக் கேளுங்கள். வேறு ஆளைக் கூப்பிடுங்கள், ஆனால் முதலில் பார்ப்பதற்கு மட்டும். அவரும் லைசென்ஸ் உள்ளவராக இருக்கட்டும். பார்ப்பதற்கு மட்டும்தான் கூலி, ரிப்பேர் வேலை உங்களுக்கு இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலை கிடைக்கும் என்று நினைப்பவர் பழுதைக் கொஞ்சம் பெரிதாகத்தான் பார்ப்பார், மனித இயல்பு. எதையும் கழற்றுவதற்கு முன் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஹீட்டர் பிளக்கின் எர்த் முனையிலிருந்து பெட்டியின் எர்த் பார் வரை (எர்த் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் உலோகப் பட்டை) மின்தடை எத்தனை ஓம் என்று அளக்கட்டும். ஹீட்டரைத் தனியாகவும் ஒவ்வொரு சர்க்யூட்டைத் தனியாகவும் மெக்கரில் (ஒயரின் உறை கரண்டைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்று அளக்கும் கருவி) 500 வோல்ட் வைத்துப் பார்க்கட்டும். சர்வதேச மின் தரமான ஐ.இ.சி. 60364, வீட்டு வயரிங்கில் அந்தத் தடை குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும் என்கிறது. "எர்த் வீக், வயரிங் மோசம்" என்றெல்லாம் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். எண்ணும் தேதியும் கையெழுத்தும் வேண்டும். டெஸ்டரைக் குழாயில் வைத்து "பாருங்க, எரியுது" என்று காட்டுவது சாட்சிக்கு உதவாது.

கான்ட்ராக்டர் கொடுத்த முடிவறிக்கை இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். எர்த் தொடர்பு என்ற பத்தியில், பெட்டிக்குப் பக்கத்துப் பிளக்குக்கும் மாடி மூலையில் இருக்கும் பிளக்குக்கும் ஒரே 0.2 ஓம் என்று எழுதியிருந்தால் யாரும் அளக்கவில்லை என்று பொருள். ஒயர் நீள நீள எண்ணும் கூடியாக வேண்டும். அடியில் யாருடைய கையெழுத்து என்றும் கவனியுங்கள். லைசென்ஸ் ஒருவர் பெயரில், பேரம் பேசியவர் இன்னொருவர், வேலை செய்தவர் மூன்றாமவர் என்பது இந்தத் தொழிலில் புதிதில்லை. லைசென்ஸ் எண்ணை வைத்து, அதை வழங்கிய அலுவலகத்தில் வேலை நடந்த தேதியில் அது செல்லுபடியானதா என்று கேளுங்கள். லைசென்ஸ்காரருக்குத்தான் கடிதம் போக வேண்டும்.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

"வேலை முடிந்தபோது பொருத்தியிருந்த 0.03 ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யை உங்கள் ஆள் இன்ன தேதியில் 0.3 ஆம்பியராக மாற்றியுள்ளார். ஹீட்டர் பிளக்கில் எர்த் தொடர்பு இல்லை. படங்களும் அளவீடும் இணைப்பில். இரண்டையும் இன்ன தேதிக்குள் சரிசெய்து, புதிய அளவீடுகளுடன் கையெழுத்திட்ட அறிக்கை தரவும். கடைசித் தவணையை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறேன்."

எர்த் பற்றிய வரியை அளந்து பார்த்த பிறகு, வந்த முடிவுக்கு ஏற்றபடி எழுதுங்கள். 'ஏமாற்றுக்காரர்', 'மன உளைச்சல்' எதுவும் வேண்டாம். போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் வழியில் அனுப்புங்கள். தவணை பற்றிய அந்த வரி முக்கியம். காரணம் சொல்லாமல் பணத்தை நிறுத்தினால் நாளைக்கு அவர் உங்கள் மேல் பாக்கிக்காரர் என்று வழக்குப் போடுவார். அதற்கு முன் ஒப்பந்தத்தில் பணம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். கெடுவுக்குள் அவர் வந்தால் வரவிடுங்கள். என்ன கோபம் இருந்தாலும் ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தால்தான் அடுத்து எங்கே போனாலும் உங்கள் பேச்சு எடுபடும்.

வரவில்லை என்றால்? உங்கள் கணவர் சொன்ன வழி அப்போதுதான். ஆனால் லைசென்ஸ் அலுவலகம் அவரை விசாரிக்கும், எச்சரிக்கும், லைசென்ஸை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ செய்யும். உங்கள் பணத்தை வசூலித்துத் தருவது பொதுவாக அதன் வேலை இல்லை. செலவையும் இழப்பீட்டையும் கேட்க வேண்டிய இடம் நுகர்வோர் நீதிமன்றம். இரண்டுக்கும் ஒரே சமயத்தில் போகலாம், ஒரே தாள்கள்தான். நீதிமன்றத்துக்குக் காலக்கெடு உண்டு, வருஷக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். நடுவில் ஆத்திரத்தில் அவர் பெயரையும் போட்டோவையும் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடாதீர்கள். போட்டால் புகார் கொடுக்கும் முறை அவருக்கு வந்துவிடும்.

அதற்காக இந்த வழக்கெல்லாம் முடியும்வரை ஷாக்கோடு குடித்தனம் நடத்தச் சொல்லவில்லை. அளவீடும் படமும் கைக்கு வந்து, கடிதத்தின் கெடுவும் தாண்டிவிட்டால், வேறு ஆளை வைத்து 0.03 போட்டு எர்த்தைச் சரிசெய்து, ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் கெடுவுக்குக் காத்திருக்காமலே செய்யலாம், கடிதத்தில் அதை ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். ஹீட்டர் பழுது என்று தெரிந்தால் அதை மட்டும் உங்கள் செலவில் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பழைய ஆர்.சி.சி.பி.யை அந்த ஆள் பெட்டிக்கு மேலேயே வைத்துவிட்டுப் போனது இரண்டாவது படத்தின் ஓரத்தில் தெரிகிறது. வீடு பெருக்கும்போது யாரும் குப்பையில் போட்டுவிடாமல் அதை எடுத்து ஓர் உறையில் போட்டு, தேதி எழுதி ஒட்டி, பீரோவில் வையுங்கள்.