தைராய்டுக்கு ரேடியோ அயோடின்: கைக்குழந்தை இருக்கும்போது எடுக்கலாமா?

கேள்வி: வயது 34. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்கு, சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை இரண்டு வருடம் சாப்பிட்டேன். நிறுத்திய நான்காம் மாதமே படபடப்பும் கை நடுக்கமும் திரும்பிவிட்டன. ரேடியோ அயோடின் கொடுக்கலாம் என்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது, இன்னொன்றும் வேண்டும். பயமாக இருக்கிறது டாக்டர்.

பதில்: அடுத்த குழந்தை எப்போது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்தச் சிகிச்சை என்பது அதைப் பொறுத்துத்தான்.

ரேடியோ அயோடின் என்பது கதிரியக்கம் உள்ள அயோடின்-131. கேப்ஸ்யூலாகவோ திரவமாகவோ கிடைக்கும். கிரேவ்ஸுக்கு வழக்கமாக 10 முதல் 15 மில்லிகியூரி (கதிரியக்கத்தின் அலகு). தைராய்டு அதை இழுத்துக்கொள்ளும். அதன் பீட்டா கதிர்கள் ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால் பாதிப்பு பெரும்பாலும் சுரப்பியோடு நின்றுவிடும். மிச்சம் பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் சிறுநீரில் போய்விடும். நிறையத் தண்ணீர் குடியுங்கள், கழிப்பறையில் இருமுறை ஃபிளஷ் செய்யுங்கள்.

சுரப்பி ஏற்கெனவே அயோடினால் நிறைந்திருந்தால் மருந்து உள்ளே ஏறாது. அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் 6 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும். புண்ணுக்குப் பெட்டாடின் போடுவதைக்கூடச் சொல்லிவிடுங்கள், அதிலும் அயோடின் உண்டு. கார்பிமசோலைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். படபடப்புக்குப் புரோப்ரனலால் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். கண் பிதுங்கல், சிவப்பு இருந்தால் இப்போதே காட்டுங்கள். இந்த மருந்து கண் நோயைக் கூட்டக்கூடும்.

தாய்ப்பால் இன்னும் கொடுக்கிறீர்களா? மருந்துக்கு 6 வாரம் முன்பே நிறுத்த வேண்டும், பிறகு இந்தக் குழந்தைக்குத் திரும்பக் கொடுக்கவே கூடாது. இரண்டு வயதுப் பிள்ளை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும். கதிர் இருப்பதும் அங்கேதான். ஆகவே சில நாள் பாட்டி வீட்டில் விடுவதே நடைமுறைக்கு ஏற்றது. எத்தனை நாள் என்பதை அளவைப் பார்த்து மையத்தில் எழுதித் தருவார்கள். மருந்துக்கு முன் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம்.

பலன் தெரிய 6 வாரம் முதல் 3 மாதம் ஆகும். பெரும்பாலானோருக்குப் பிறகு தைராய்டு சுரப்பு குறைந்துவிடும். ஆயுள் முழுக்கத் தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை வேண்டியிருக்கும். இதைப் பக்கவிளைவென்று நினைக்காதீர்கள், எதிர்பார்க்கும் விளைவே அதுதான். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு கூடினால் இது தாழும்) பல வாரங்கள், சிலருக்கு மாதக்கணக்கில், தாழ்ந்தே கிடக்கும். அதை மட்டும் பார்த்து "இன்னும் அதிகம்தான்" என்று கார்பிமசோலைத் தொடர்ந்தால் உடல் வீங்கி, சோர்ந்து போவீர்கள். 4 முதல் 6 வாரத்தில் ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனைக் காட்டும் ஃப்ரீ டி4-ம் சேர்த்துப் பாருங்கள்.

கருத்தரிக்கக் குறைந்தது 6 மாதம் தள்ளுங்கள். இந்தச் சிகிச்சைக்குப் பின் டி.எஸ்.எச். ரிசெப்டர் ஆன்டிபாடி (கிரேவ்ஸில் தைராய்டைத் தூண்டும் எதிர்ப்புப் புரதம்) ஏறி, ஒரு வருடத்துக்கு மேலும் நீடிக்கலாம். அது நஞ்சுக்கொடி தாண்டிச் சிசுவின் தைராய்டைத் தூண்டும். ஒரு வருடத்துக்குள் குழந்தை வேண்டுமென்றால் அறுவை சிகிச்சை பற்றியும் கேளுங்கள். எப்போது கருத்தரித்தாலும், அன்று தைராய்டு அளவு சரியாக இருந்தாலும், கிரேவ்ஸ் இருந்ததை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி, ஆரம்ப மாதங்களிலேயே அந்த ஆன்டிபாடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.