வாசகர் கேள்வி – பதில்: பாட்டு இருக்கிறது, பட்டியலில்தான் இல்லை

கையடக்க மியூசிக் பிளேயர்கள் குறித்து வந்துள்ள கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். செல்பேசியிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிடும் காலத்திலும், பாட்டுக்கென்று தனிக் கருவி வைத்திருப்பவர்கள் இத்தனை பேர் எழுதியிருப்பது மகிழ்ச்சி தருகிறது.

கேள்வி: என் தந்தை பயன்படுத்திய ஐபாடில் ஆயிரக்கணக்கான பழைய பாடல்கள் உள்ளன. அவற்றை ஏற்றிய கணினி இப்போது இல்லை. வேறு கணினியில் இணைத்தால், கருவியில் உள்ளதை அழித்துவிட்டுப் புதிதாக ஒத்திசைக்கலாமா என்று ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள் கேட்கிறது. பாடல்களை இழக்காமல் வெளியே எடுக்க வழி உண்டா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. அழிப்பதற்கு மட்டும் எக்காரணம் கொண்டும் சம்மதம் தராதீர்கள். ஐடியூன்ஸின் அமைப்புகளில், கருவிகள் தாமாக ஒத்திசைவதைத் தடுக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. ஐபாடை இணைக்கும் முன்பே அதை இயக்கிவிடுங்கள்.

ஐபாட் பாடல்களை எப்படி வைத்திருக்கிறது என்பதை அறிந்துகொண்டால் மற்றவை எளிது. ஒரு பாடலை ஏற்றும்போது ஐடியூன்ஸ் அதன் கோப்புக்கு நான்கு எழுத்துகள் கொண்ட பொருளற்ற பெயர் ஒன்றைச் சூட்டி, 'ஐபாட்_கன்ட்ரோல்' என்னும் மறைக்கப்பட்ட கோப்புறையில், 'மியூசிக்' என்பதற்குள் எஃப்00, எஃப்01 என்று தொடரும் உறைகளில் கலைத்துப் போடுகிறது. பாடலின் தலைப்பு, பாடியவர், ஆல்பம், கோப்பு இருக்கும் இடம் ஆகியவை தனியே ஒரு தரவுத்தளத்தில் எழுதப்படுகின்றன. கருவி படிப்பது அந்தத் தரவுத்தளத்தை மட்டுமே. ஆகவே, நீங்களே ஒரு பாடலை வட்டில் நேராக ஒட்டினாலும் அது திரையில் வராது. அட்டவணையில் ஏறாத புத்தகம் நூலக அலமாரியில் இருந்தும் இல்லாதது போலத்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு நியாயமான காரணமும் உண்டு. 2001 அக்டோபரில் வந்த முதல் ஐபாடில் 5 ஜிபி வட்டும் 32 எம்பி நினைவகமும் மட்டுமே இருந்தன. ஒவ்வொரு முறையும் வட்டு முழுவதையும் துழாவிப் பட்டியல் போட்டிருந்தால் மின்கலம் விரைவில் தீர்ந்திருக்கும். ஆனால் பாடலைத் திரும்ப எடுக்கும் வழியையே உரிமையாளருக்குத் தராமல் விட்டதற்கு வேகம் காரணமாகாது. "பாடல்களைத் திருடாதீர்கள்" என்ற வாசகத்துடனேயே விற்பனைக்கு வந்த கருவி அது. இசை நிறுவனங்களின் அச்சத்துக்குத் தந்த மதிப்பை, பணம் கொடுத்து வாங்கியவரின் வசதிக்கும் தந்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இனிச் செய்ய வேண்டியது: கிளிக் வீல் உள்ள மாதிரியாக இருந்தால், மெனு பொத்தானையும் நடுப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். ஆப்பிள் சின்னம் தோன்றியவுடன் அவற்றை விட்டுவிட்டு, நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் கருவி வெறும் வட்டாக இயங்கத் தொடங்கும். விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்து, மேற்சொன்ன 'மியூசிக்' உறையை முழுவதுமாகக் கணினிக்கு நகலெடுங்கள். மேக் கணினியில் வடிவமைக்கப்பட்ட ஐபாட் என்றால், அதை ஃபார்மட் செய்யச் சொல்லி விண்டோஸ் கேட்கும். அதற்கும் மறுத்துவிட்டு, ஒரு மேக் கணினியைத் தேடிப் போவதே பாதுகாப்பு. ஐபாட் டச் இப்படி வட்டாகத் தோன்றாது. அதற்கு வேறு மென்பொருள் வேண்டும்.

நகலெடுத்த கோப்புகளின் பெயர்கள் புரியாதவையாக இருப்பதைக் கண்டு மனம் தளர வேண்டாம். பாடல் விவரம் பெரும்பாலும் 'டேக்' என்ற வடிவில் கோப்புக்குள்ளேயே இருக்கும். எம்பி3டேக் போன்ற மென்பொருள் அதைப் படித்து, எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே முறையில் சரியான பெயர் இட்டுவிடும். டேக் இல்லாத பாடல்களை மட்டும் கேட்டுத்தான் அடையாளம் காண வேண்டும். உங்கள் தந்தை தொகுத்த பிளேலிஸ்ட்டுகளும், எந்தப் பாடலை எத்தனை முறை கேட்டார் என்ற கணக்கும் தரவுத்தளத்தில்தான் இருக்கும், கோப்புகளில் இராது. எனவே 'ஐபாட்_கன்ட்ரோல்' உறை முழுவதையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

கேள்வி: மார்கழிப் பாசுரங்கள் 30-ஐயும் என் எம்பி3 பிளேயரில் ஏற்றினேன். முதல் பாசுரம் முடிந்ததும் பத்தாவது ஒலிக்கிறது. ஏன்?
— வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: உங்கள் பிளேயர் எண்களை எண்களாகப் பாராமல் எழுத்துகளாக வரிசைப்படுத்துகிறது. அதனால் 1, 10, 11 என்று 19 வரை போய்விட்டு, அதற்குப் பின்புதான் 2 வரும். கோப்புப் பெயர்களை 01, 02 என்று இரண்டு இலக்கங்களில் தொடங்கினால் வரிசை சீராகும். பெயரை மாற்றிய பிறகும் குழப்பம் நீடித்தால், கோப்புகள் கார்டில் எழுதப்பட்ட வரிசையிலேயே பாடும் மலிவு வகைப் பிளேயர் அது என்று கொள்ளலாம். அவ்வாறாயின் உறையைக் காலி செய்துவிட்டு, 01-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.

கேள்வி: தமிழில் தலைப்பிட்ட பாடல்கள் சில கட்டங்களாகவும், சில கேள்விக்குறிகளாகவும், சில புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகவும் தெரிகின்றன. கருவியை மாற்ற வேண்டுமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மூன்றும் வெவ்வேறு கோளாறுகள்; நீங்கள் பிரித்து எழுதியிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. கட்டங்கள் தெரிந்தால் கவலை இல்லை. எழுத்துகள் கோப்பில் பத்திரமாக உள்ளன, கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே பொருள். அதே கோப்பைக் கணினியில் திறந்தால் தலைப்பு சரியாகத் தெரியும். கேள்விக்குறிகள் தெரிந்தால், தமிழை அறியாத ஏதோ ஒரு மென்பொருள், தலைப்பைச் சேமிக்கும்போது எழுத்துகளை எறிந்துவிட்டுக் கேள்விக்குறிகளையே எழுதியிருக்கலாம். கணினியிலும் கேள்விக்குறிகளே தெரிந்தால் பழைய தலைப்பு மீளாது, புதிதாகத் தட்டச்சு செய்யத்தான் வேண்டும். ஐரோப்பிய எழுத்துகள் போலத் தெரிபவை, பெரும்பாலும் யூனிகோட் பரவுவதற்கு முன் டிஸ்கி முதலான பழைய குறியாக்கங்களில் எழுதப்பட்ட தலைப்புகள். அவற்றை எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

ஐடி3 எனப்படும் எம்பி3 டேக்குகளின் முதல் வடிவம் 1996-இல் உருவானபோது, கோப்பின் கடைசி 128 பைட்டுக்குள் எல்லா விவரங்களும் அடங்க வேண்டியிருந்தது. தலைப்புக்கு 30 பைட் மட்டுமே. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 'தமிழ்' என்ற ஒரு சொல்லுக்கே 15 பைட் செலவாகும் என்றால், நம் பாடல்களின் முதல் அடிகள் அதில் எப்படி அடங்கும்? பின்னர் வந்த வடிவங்களில் இந்தத் தடை நீங்கிவிட்டது. டேக் எழுதும் மென்பொருளில் ஐடி3 வடிவம் 2.3, குறியாக்கம் யூடிஎஃப்-16 என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பழைய பிளேயர்களும் பெரும்பாலும் இதைப் படித்துவிடும்.

எழுத்துரு இல்லாத கருவியில் தமிழைக் காட்ட, அதன் தயாரிப்பாளர் ஃபர்ம்வேர் (கருவிக்குள் இயங்கும் மென்பொருள்) புதுப்பிப்பு தந்தாலொழியப் பெரும்பாலும் வழியில்லை. அதுவரை ரோமன் எழுத்தில் தலைப்பிட்ட நகல்களைப் பிளேயருக்கும், தமிழ்த் தலைப்புடைய மூலங்களைக் கணினிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மூலங்களின் தமிழை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: பாடிக்கொண்டிருக்கும்போதே பிளேயர் உறைந்து நின்றுவிட்டது. எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை. பழுதா?
— வாசகி, மதுரை

பதில்: பெரும்பாலும் மென்பொருள் சிக்கிக்கொண்டதாகவே இருக்கும். 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் 30 ஜிபி ஸூன் பிளேயர்கள் ஒரே நாளில் ஒட்டுமொத்தமாக உறைந்துபோயின. நெட்டாண்டின் 366-ஆம் நாளைக் கணக்கிடத் தெரியாமல், அவற்றின் கடிகார நிரல் முடிவில்லாச் சுழற்சியில் மாட்டிக்கொண்டது. மின்கலம் முழுவதும் தீரும்வரை விட்டு, மறுநாள் நண்பகலுக்குப் பின் மின்னேற்றி இயக்குமாறு நிறுவனம் அறிவித்தது, கருவிகளும் மீண்டன. நீங்களும் முதலில் பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள். பலன் இல்லையெனில் மின்கலத்தைத் தீரவிட்டு மறுபடி மின்னேற்றுங்கள். அதே பாடலில் மீண்டும் உறைந்தால் அந்தக் கோப்புதான் சிதைந்திருக்கிறது, அதை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: கச்சேரிப் பதிவில் தானம் முடிந்து பல்லவி தொடங்கும் இடத்தில், என் பிளேயரில் ஒரு கணம் ஒலி அறுபடுகிறது. குறுவட்டில் இப்படி இல்லை. சரிசெய்ய முடியுமா?
— வாசகர், சென்னை

பதில்: முடியும். இது வேறு இசையைவிட நம் கச்சேரிப் பதிவுகளில்தான் அதிகம் உறுத்துகிறது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலும் தம்புரா நிற்பதில்லை அல்லவா? சுருதி ஒரு நொடியின் சிறு பங்கு அறுந்தாலும் காது அதை உடனே கண்டுகொள்ளும்.

எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கிறது. குறுவட்டின் வேகமான நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், ஒரு துண்டு ஏறக்குறைய 26 மில்லிநொடி நீளும். பாடல் சரியாக ஒரு துண்டின் எல்லையில் முடிவது அரிது. மீதி இடம் மௌனத்தால் நிரப்பப்படுகிறது, தொடக்கத்திலும் சிறிது மௌனம் சேர்கிறது. எவ்வளவு சேர்த்தோம் என்பதை, ஒலியை எம்பி3 ஆக மாற்றும் லேம் போன்ற மென்பொருள்கள் கோப்பிலேயே குறித்துவைக்கின்றன. அந்தக் குறிப்பைப் படித்து மௌனத்தை வெட்டிவிடும் பிளேயரில் இடைவெளி கேட்காது. ஐபாடுக்கே இந்த வசதி 2006-இல்தான் வந்தது என்பதால், மலிவான கருவிகளில் அது இல்லாததில் வியப்பில்லை.

குறுவட்டு உங்களிடம் இருப்பதால், ராகம், தானம், பல்லவி மூன்றையும் ஒரே கோப்பாக எடுத்துவிடுவதே உத்தமம். உங்கள் பிளேயர் ஃபிளாக் வடிவத்தைப் பாடுமானால் அவ்வடிவில் எடுங்கள். ஒலித்தரம் சிறிதும் குறையாது, இடையில் மௌனமும் சேராது. குறுவட்டு இல்லாத பதிவுகளுக்கு, எம்பி3 கோப்புகளை ஆடாசிட்டி என்னும் ஒலித்தொகுப்பு மென்பொருளில் வரிசையாக அடுக்கி, ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் சேர்ந்துகொண்ட மௌனம் தட்டையான கோடாகத் தெரியும். அதை மட்டும் வெட்டி நீக்கிச் சேமியுங்கள். புதிய கோப்பை ஏற்றும்போது பழைய தனித்தனிக் கோப்புகளைப் பிளேயரிலிருந்து நீக்கிவிடவும். இல்லையேல் பல்லவி முடிந்ததும் அதே ராகம் மறுபடி தொடங்கும்.