சுமை ஒன்று, பொருள் பல: ‘சார்ஜ்’ பற்றி வாசகர் கேள்விகள்

நாள் முழுக்க நம் வாயில் புழங்கும் ஆங்கிலச் சொல் ‘சார்ஜ்’. பெயர்ச்சொல்லாகவும் வரும், வினைச்சொல்லாகவும் வரும். பேசும்போது தொல்லை இல்லை. எழுதும்போதுதான் காலை வாரிவிடுகிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: பஸ் சார்ஜ், செல்போன் சார்ஜ், லத்தி சார்ஜ், சார்ஜ் ஷீட்... இத்தனைக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

பதில்: மூலப்பொருள் ‘சுமை ஏற்றுவது’. லத்தீனில் ‘கார்ருஸ்’ என்றால் வண்டி. வண்டியில் சுமை ஏற்றுவதைக் குறித்த வினை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சார்ஜ்’ ஆனது. சரக்கைக் குறிக்கும் ‘கார்கோ’வும் அந்தக் குடும்பம்தான். ஒருவர் தலையில் செலவை ஏற்றினால் கட்டணம், பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு, கடமையை ஏற்றினால் பொறுப்பு.

துப்பாக்கியிலும் பீரங்கியிலும் வெடிமருந்து கெட்டிப்பதும் சார்ஜ்தான். மின்சாரத்துக்கு இந்தச் சொல் போனது அதையொட்டித்தான். 1740களில் ‘லெய்டன் ஜாடி’ என்ற கண்ணாடிக் குடுவையில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கக் கற்றுக்கொண்டார்கள். அதை நிரப்புவதற்கு ‘சார்ஜ்’ என்று எழுதினார் பெஞ்சமின் பிராங்க்ளின். பல ஜாடிகளை ஒன்றாக இணைத்தபோது, பீரங்கி வரிசையைக் குறிக்கும் ‘பேட்டரி’ என்ற சொல்லையே அதற்கும் வைத்தார். இன்று நம் செல்போனோடு இருக்கும் இரண்டு சொல்லுமே போர்க்களத்தில் புழங்கியவை.

குதிரைப்படை பாய்ந்து தாக்குவதும் சார்ஜ். லத்தி சார்ஜ் அதன் வழி வந்தது. இந்தியச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்த இந்தத் தொடர் ஆங்கில அகராதிகளிலும் ஏறிவிட்டது.

கேள்வி: ‘பஸ் சார்ஜ் எவ்வளவு?’, ‘டாக்டர் சார்ஜ் எவ்வளவு?’ என்று கேட்கிறோம். ஆங்கிலத்தில் அப்படியே எழுதலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: எழுதவேண்டாம். பயணத்துக்குக் கொடுப்பது ‘ஃபேர்’. மருத்துவர், வழக்கறிஞர், பள்ளிக்கூடம் போன்ற இடங்களில் கொடுப்பது ‘ஃபீ’. சாலைச் சுங்கம் ‘டோல்’, வீட்டு வாடகை ‘ரென்ட்’, கடையில் பொருளின் விலை ‘ப்ரைஸ்’. ஒரு சேவைக்காகத் தனியாக வாங்கும் தொகைக்குத்தான் சார்ஜ் பொருந்தும்: டெலிவரி சார்ஜ், சர்வீஸ் சார்ஜ், பார்க்கிங் சார்ஜ்.

வினையாக வரும்போது இந்தக் கட்டுப்பாடு இல்லை. மருத்துவர் 300 ரூபாய் வாங்கினார் என்பதற்கு ‘தி டாக்டர் சார்ஜ்ட் மீ த்ரீ ஹண்ட்ரட் ருபீஸ்’ என்பது சரியே. அதில் ‘மீ’க்கு முன்னால் ‘டு’ போடக் கூடாது. ‘சார்ஜ்ட் டு மீ’ என்று நம்மவர்கள் எழுதுவதற்குக் காரணம், ‘என்னிடம் வாங்கினார்’ என்பதில் உள்ள வேற்றுமை உருபைக் கூடவே எடுத்துப்போவதுதான். எதற்காக வாங்கினார் என்று சொல்லும்போது மட்டும் ‘ஃபார்’ சேர்க்கவேண்டும்.

‘டு’ வரும் இடம் ஒன்று உண்டு. ஓட்டலில் சாப்பிட்ட தொகையை அறைக் கணக்கில் எழுதச் சொல்வதற்கு ‘சார்ஜ் இட் டு மை ரூம்’. அங்கே ‘டு’வுக்குப் பின் வருவது ஆள் அல்ல, கணக்கு.

கேள்வி: ‘ஹி வாஸ் சார்ஜ்ட் ஃபார் மர்டர்’ என்று எழுதினேன். ஆசிரியர் சுழித்துவிட்டார். ஏன்? (பிளஸ் 2 மாணவர், நாகர்கோவில்)

பதில்: குற்றச்சாட்டு என்ற பொருளில் ‘சார்ஜ்ட் வித்’ என்றுதான் வரும். ‘ஃபார்’ போட்டால் கட்டணப் பொருள் வந்துவிடும்; கொலைக்கு அவரிடம் பணம் வாங்கியதுபோல் படிக்கும். பக்கத்துச் சொற்களையும் சேர்த்தே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ‘அரெஸ்டட் ஃபார்’, ‘அக்யூஸ்ட் ஆஃப்’, ‘சார்ஜ்ட் வித்’, ‘கன்விக்டட் ஆஃப்’. பெயர்ச்சொல்லானால் ‘ஆன் எ சார்ஜ் ஆஃப் மர்டர்’.

உச்சரிப்பையும் கவனியுங்கள். ‘சார்ஜ்ட்’ ஒரே அசை. ‘சார்ஜெட்’ என்று இழுக்கக் கூடாது. பன்மையான ‘சார்ஜஸ்’ இரண்டு அசை.

கேள்வி: ‘இன் சார்ஜ் ஆஃப்’, ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ இரண்டும் ஒன்றா? (செவிலியர், மதுரை)

பதில்: நேர் எதிர். நடுவில் வரும் ‘தி’யை விட்டுவிட்டால் யார் யாருக்குப் பொறுப்பு என்பது தலைகீழாகிவிடும். குழந்தையை நர்ஸ் பார்த்துக்கொள்கிறார் என்பதை இரண்டு விதமாக எழுதலாம். நர்ஸில் தொடங்கினால் ‘தி நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி சைல்ட்’. குழந்தையில் தொடங்கினால் ‘தி சைல்ட் இஸ் இன் தி சார்ஜ் ஆஃப் தி நர்ஸ்’. இந்த இரண்டாவதில் ‘சார்ஜ்’ என்ற சொல்லுக்கு முன் உள்ள ‘தி’ விடுபட்டால், நர்ஸுக்குக் குழந்தை மேலதிகாரி என்றாகிவிடும். பணிக் குறிப்பேட்டில் இந்தப் பிழை வந்தால் பொறுப்பு யாருடையது என்றே குழம்பும். ஐயம் வந்தால் ‘அண்டர் தி கேர் ஆஃப்’ என்று எழுதிவிடுங்கள்; தவறவே தவறாது.

‘வார்டு இன்சார்ஜ்’ என்று ஆளையே குறிப்பது இந்திய ஆங்கில வழக்கு. நம் அலுவலகங்களில் தாராளமாக எழுதலாம். வெளிநாட்டு விண்ணப்பத்தில் ‘நர்ஸ் இன் சார்ஜ்’ அல்லது ‘சார்ஜ் நர்ஸ்’ என்று மாற்றுங்கள். ‘தலைமை ஆசிரியர் (பொறுப்பு)’ என்று நாம் எழுதுவதற்கு ‘ஆக்டிங் ஹெட்மாஸ்டர்’ என்பதே அங்கே எளிதில் விளங்கும். பதவி ஏற்பதற்கு ‘டேக் சார்ஜ்’, ஒப்படைப்பதற்கு ‘ஹேண்ட் ஓவர் சார்ஜ்’. இவற்றின் நடுவில் ‘தி’ வேண்டாம்.

கேள்வி: எஃப்.ஐ.ஆர்., சார்ஜ் ஷீட், சார்ஜ் மூன்றும் ஒன்றுபோலத்தான் செய்திகளில் வருகின்றன. வேறுபாடு என்ன? (வாசகர், சேலம்)

பதில்: இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். மூன்றையும் கலந்து எழுதினால் ஒருவருடைய பெயரே கெட்டுவிடும்.

எஃப்.ஐ.ஆர். என்பது காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கை. புகார் வந்திருக்கிறது, அவ்வளவுதான். விசாரணையை முடித்துக் காவல்துறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் இறுதி அறிக்கை, வழக்குத் தொடர ஆதாரம் இருக்கிறது என்று சொன்னால், அதுதான் சார்ஜ் ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் முதல் தகவல் அறிக்கைக்குப் பிரிவு 173, இறுதி அறிக்கைக்குப் பிரிவு 193. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவை 154, 173. பழைய சட்டத்தில் இறுதி அறிக்கைக்கு இருந்த 173 என்ற எண் புதியதில் எஃப்.ஐ.ஆருக்குப் போயிருக்கிறது, பழைய ஆவணங்களைப் படிக்கும்போது இதில் ஏமாந்துவிடாதீர்கள்.

சார்ஜ் என்பது நீதிமன்றத்தின் வேலை. குற்றப்பத்திரிகையைப் படித்து, இரு தரப்பையும் கேட்டு, இன்னின்ன பிரிவில் விசாரணை நடக்கும் என்று நீதிபதி எழுதிப் படித்துக் காட்டுவதுதான் ‘ஃப்ரேமிங் ஆஃப் சார்ஜ்’. நம் நீதிமன்றத் தமிழில் ‘குற்றச்சாட்டு வனைதல்’. போதிய முகாந்திரம் இல்லை என்று நீதிபதி கருதினால் அந்தக் கட்டத்திலேயே விடுவித்துவிடலாம்; அது ‘டிஸ்சார்ஜ்’. முழு விசாரணைக்குப் பிறகு குற்றமற்றவர் என்று தீர்ப்பானால் ‘அக்விட்டல்’, அதாவது விடுதலை. ‘டிஸ்சார்ஜ்’ ஆனவரை ‘விடுதலை’ என்று செய்தியில் எழுதுவது தவறு.

இங்கிலாந்துச் செய்தியைத் தமிழில் தரும்போது இன்னும் கவனம் வேண்டும். அங்கே வழக்கு நீதிமன்றத்துக்குப் போகுமுன்பே காவல்துறை ஒருவரை முறைப்படி ‘சார்ஜ்’ செய்துவிடும். நம் ஊரில் எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்த ஒருவரை ஆங்கிலத்தில் ‘சார்ஜ்ட்’ என்று எழுதினால், வெளிநாட்டு வாசகர் விசாரணை முடிந்து வழக்கு ஏறிவிட்டதாகவே எடுத்துக்கொள்வார். ‘நேம்ட் இன் தி எஃப்.ஐ.ஆர்.’ என்று எழுதுவதே நேர்மை.

கேள்வி: ‘மை போன் ஹேஸ் நோ சார்ஜ்’ சரியா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: புரியும், ஆனால் இயல்பான ஆங்கிலத்தில் ‘மை பேட்டரி இஸ் டெட்’ என்பார்கள். சார்ஜ் குறைவாக இருந்தால் ‘லோ’. போனைச் சார்ஜில் போடுவதற்கு ‘புட் இட் ஆன் சார்ஜ்’ என்பது பிரிட்டிஷ் வழக்கு. ‘புட் இட் இன் சார்ஜ்’ என்றால் போனுக்கு அதிகாரம் கொடுத்ததாக ஆகும். பழைய பேட்டரியில் ‘சார்ஜ் நிக்கல’ என்கிறோமே, அதற்கு அழகான தொடர் இருக்கிறது: ‘இட் டஸன்ட் ஹோல்ட் எ சார்ஜ்’.

கேள்வி: அலுவலகத்தில், தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17(பி)யின்கீழ் சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் குறிப்பாணை) கொடுத்திருக்கிறார்கள். பதிலில் ‘ஐ ரெஃப்யூட் தி சார்ஜஸ்’ என்று எழுதலாமா? (அரசு ஊழியர், விழுப்புரம்)

பதில்: ‘ரெஃப்யூட்’ என்றால் ஆதாரத்தோடு பொய் என்று நிறுவுவது. மறுப்பதாகச் சொல்ல ‘டினை’ போதும். ‘ஐ டினை ஆல் தி சார்ஜஸ்’ என்று மொத்தமாக எழுதி நிறுத்தாமல், ‘சார்ஜ் 1’, ‘சார்ஜ் 2’ என்று மெமோவில் உள்ள வரிசையிலேயே ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி எழுதுங்கள். எதை மறுக்கிறீர்கள், எந்த ஆவணத்தை வைத்து மறுக்கிறீர்கள் என்பது அந்தந்தப் பத்தியிலேயே இருக்கட்டும். 17(பி) பெருந்தண்டனைக்குரிய நடவடிக்கை. மெமோவில் குறிப்பிட்ட கெடுவுக்குள் பதில் போயாகவேண்டும். ஆவணங்களைப் பார்க்க அவகாசம் தேவையென்றால், கெடு முடியுமுன் அதையும் எழுத்திலேயே கேளுங்கள்.