லினக்ஸில் வீடியோ ஏன் திக்குகிறது? பினாங்கிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாத நம்மூர்க்காரர்கள் பலர் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பக்கம் வந்துவிட்டார்கள். வந்த மறுவாரமே எனக்குச் செய்தி வருகிறது: "அண்ணே, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, யூடியூப் மட்டும் திக்குது." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிச் சலித்துவிட்டது. ஞாயிறு காலை பசியாறிவிட்டு மொத்தமாக எழுத உட்கார்ந்தேன்.

கேள்வி (பட்டர்வொர்த், தமிழ்ப்பள்ளி ஆசிரியை): நாலாம் தலைமுறை ஐ5 லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். வகுப்பில் 1080 அளவில் வீடியோ போட்டால் படம் விட்டு விட்டு வருகிறது, விசிறி அலறுகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

டீச்சர், வீடியோ ஓடும்போது அதன்மேல் வலது சொடுக்குப் போட்டு, "ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்பதைத் திறங்கள். கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) என்ற வரியில் விபி9 அல்லது ஏவி1 என்று இருக்கும். கோளாறு அங்கேதான்.

சுருக்கிக் கட்டி அனுப்பிய படத்தை உங்கள் கணினி நொடிக்கு 60 தடவை பிரித்து விரிக்க வேண்டும். 1080 அளவில் ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய 2 மில்லியன் புள்ளிகள். நொடிக்கு 124 மில்லியன். இதற்கென்றே கிராபிக்ஸ் சிப்புக்குள் தனிச் சுற்று ஒன்று உண்டு. ஆனால் அந்தச் சுற்றுக்குத் தெரிந்த கோடெக்கை மட்டும்தான் அது பிரிக்கும். நாலாம் தலைமுறை இன்டெல் 2013இல் வந்தது. விபி9 முடிவானதும் அதே வருடம்தான். ஆக, உங்கள் சிப்புக்கு எச்.264 என்ற பழைய கோடெக் நன்றாகத் தெரியும், விபி9க்கு அதில் முழுச் சுற்று கிடையாது. யூடியூப் விபி9 அனுப்பினால் பாரம் முழுவதும் சிபியு தலையில் விழுகிறது. விசிறி அலறாமல் என்ன செய்யும்?

ஃபயர்பாக்ஸில் எச்264இஃபை என்ற நீட்சியைப் போடுங்கள். "எனக்கு எச்.264 மட்டும் கொடு" என்று அது யூடியூபிடம் சொல்லிவிடும். அதன் அமைப்பில் 60 பிரேம் வீடியோவைத் தடுக்கும் தேர்வும் இருக்கிறது, அதையும் போடுங்கள். எச்.264இல் யூடியூப் 1080க்கு மேல் தராது. வகுப்பறைத் திரைக்கு அது போதும்.

அப்புறம் டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருள். உங்கள் சிப்புக்கு ஐ965 என்ற பழைய விஏ-ஏபிஐ டிரைவர் வேண்டும் (விஏ-ஏபிஐ என்பது, வீடியோவை விரிக்கச் சொல்லி உலாவி சிப்பிடம் பேசும் வழி). ஐஎச்டி என்ற புதியது ஐந்தாம் தலைமுறையிலிருந்துதான் வேலை செய்யும். இணையத்தில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு புதியதைப் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

கேள்வி (ஆயிர் ஈத்தாம்): இணையக் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுத் திட்டலாமா? 500 எம்பிபிஎஸ் கட்டுகிறேன், அப்படியும் திக்குகிறது.

பொறுங்கள் அண்ணே. வட்டம் சுற்றிக்கொண்டு குரலும் படமும் சேர்ந்து நின்றால், இணையம். குரல் தடையில்லாமல் ஓடிப் படம் மட்டும் தடுமாறினால், உங்கள் கணினி. மேலே டீச்சருக்குச் சொன்ன அதே பெட்டியில் "டிராப்டு" (தவறவிட்ட பிரேம்கள்) என்று ஓர் எண் இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் அது 1,400ஐத் தாண்டியிருந்தது, பஃபரில் (முன்கூட்டியே இறங்கிய சேமிப்பில்) 30 நொடி வீடியோ காத்துக்கொண்டிருந்தது. சாப்பாடு மேசையில்தான் இருக்கிறது, மெல்லத்தான் பல்லில்லை.

கேள்வி (ஜெலுத்தோங், கல்லூரி மாணவர்): இதே லேப்டாப் விண்டோஸில் நன்றாக ஓடியதே? லினக்ஸ் மட்டம் என்று என் அண்ணன் சொல்கிறான்.

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி, தம்பி. விண்டோஸில் உலாவிகள் பல வருடமாகவே வீடியோவை விரிக்கும் வேலையைக் கேட்காமலே சிப்பிடம் கொடுத்துவிடும். லினக்ஸில் ஃபயர்பாக்ஸ் இன்டெல்லுக்கு இதைத் தானாகவே இயக்கியது 2023 ஜூலையில், 115ஆம் பதிப்பில்தான். ஏஎம்டிக்கு 2025 மார்ச்சில், 136ஆம் பதிப்பில். அதற்கு முன் நாமே அமைப்புகளைத் தோண்டித் திருப்ப வேண்டும். டிரைவர்கள் ஒரு பக்கம், எக்ஸ்11 - வேலண்ட் (திரையில் வரையும் இரண்டு முறைகள்) இன்னொரு பக்கம், விநியோகத்துக்கு விநியோகம் (மின்ட், ஃபெடோரா, உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள்) வேறு வேறு பதிப்பு என்றால் தைரியமாக எல்லாருக்கும் திறந்துவிட யாருக்கு மனம் வரும்? ஆகவே முதலில் உங்கள் ஃபயர்பாக்ஸ் பதிப்பைப் பாருங்கள். குரோமில் லினக்ஸ் கதை இன்னும் இழுபறிதான். நான் வீடியோவுக்கு ஃபயர்பாக்ஸை விட்டுப் போவதில்லை.

கேள்வி (பாயான் லெப்பாஸ், தொழிற்சாலைப் பொறியாளர்): ஃபெடோரா, ஏஎம்டி சிப். விபி9 சிப்பில் ஓடுகிறது, எச்.264 மட்டும் ஓடவில்லை. டீச்சருக்கு நேர் எதிர்.

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். இது பழுதில்லை, காப்புரிமைப் பிரச்சினை. எச்.264க்கு உரிமைக் கட்டணம் உண்டு, விபி9க்கு இல்லை. 2022இல் ஃபெடோரா 37 வந்த சமயத்தில், சட்டச் சிக்கல் வேண்டாமென்று மேசா என்ற கிராபிக்ஸ் டிரைவரிலிருந்து எச்.264, எச்.265 இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஃபெடோராவுக்கு வெளியே இருக்கும் ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்து, அங்கிருக்கும் "ஃப்ரீவேர்ல்ட்" மேசா டிரைவரையும் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளின் முழு வடிவத்தையும் மாற்றிப் போடுங்கள். இரண்டில் ஒன்றை மறந்தால் பாதிக் கிணறுதான்.

கேள்வி (பிறை): என்விடியா கார்டு. ஒன்றும் நடக்கவில்லை.

என்விடியாவின் சொந்த டிரைவர் விஏ-ஏபிஐ பேசாது. இடையில் மொழிபெயர்க்க ஒரு தனி டிரைவர் இருக்கிறது, ஆனால் அதை அமைப்பது உங்கள் பொறுமையைச் சோதிக்கும். லேப்டாப்பில் இன்டெல் கிராபிக்ஸும் சேர்ந்திருந்தால், வீடியோவை அதனிடம் விட்டுவிட்டு என்விடியாவை விளையாட்டுக்கு வையுங்கள்.

கேள்வி (ஜார்ஜ் டவுன், ஓய்வு பெற்றவர்): தம்பி, தைப்பூசத்துக்கு வெள்ளித் தேர் நேரலையைப் பெரிய திரையில் போட்டேன். தேர் நகரும்போது நடுவே ஒரு கோடு விழுந்து, குடை ஒரு பக்கமும் தேர் ஒரு பக்கமுமாக இருக்கிறது.

ஐயா, இது திக்கல் இல்லை, கிழிசல். திரை பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே அடுத்த பிரேம் வந்து விழுகிறது. மேல் பாதி பழைய படம், கீழ்ப் பாதி புதியது. பழைய எக்ஸ்11இல் இது அடிக்கடி வரும். வேலண்டில் அநேகமாக வராது. உபுண்டுவில் 21.04 முதல் வேலண்ட்தான் முதல் தேர்வு. உங்களிடம் இருப்பது மின்ட், அதில் 21.3இலிருந்து வேலண்ட் சோதனை நிலையில் இருக்கிறது. உள்நுழையும் திரையில் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் இன்டெல் டிரைவரில் "டியர்ஃப்ரீ" என்ற அமைப்பு உண்டு, வீட்டுக்கு வரும்போது நானே போட்டுத் தருகிறேன்.

கேள்வி (அதே ஐயா): காசு கட்டிப் பார்க்கும் படமெல்லாம் மங்கலாக இருக்கிறதே?

அதற்கு என்னிடம் மருந்தில்லை. அந்தச் சேவைகள் வைட்வைன் என்ற பூட்டைப் பயன்படுத்துகின்றன. லினக்ஸ் மேசைக்கணினிக்குக் கிடைப்பது அதன் எல்3 என்ற கீழ்ப்படி. அந்தப் படிக்குப் பல சேவைகள் உயர்தரப் படத்தைக் கொடுப்பதில்லை. ஒரே சந்தா, தொலைக்காட்சியில் பளிச்சென்று, கணினியில் மங்கல். எனக்கும் எரிச்சல்தான். அதைத் தொலைக்காட்சியிலேயே பாருங்கள்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜம்): எனக்கு வீடியோ மட்டுமில்லை, மெனு திறப்பதே மெதுவாக இருக்கிறது.

இதில் நானே மண்ணைக் கவ்வியிருக்கிறேன். நண்பர் ஒருவரின் கணினிக்கு இரண்டு இரவு செலவழித்து, ராம்கூட மாற்றிவிட்டேன். கடைசியில் பார்த்தால், லினக்ஸ் போடும்போது திரை கறுப்பாக வந்ததால் "சேஃப் கிராபிக்ஸ்" முறையில் போட்டிருந்தார். அப்போது சேர்ந்த "நோமோட்செட்" என்ற ஒரு சொல் கிரப் என்ற தொடக்க நிரலின் அமைப்பில் அப்படியே தங்கிவிட்டது. கிராபிக்ஸ் சிப் தூங்க, எல்லாவற்றையும் சிபியுவே வரைந்துகொண்டிருந்தது. ஃபயர்பாக்ஸ் முகவரிப் பட்டையில் அபௌட், முக்காற்புள்ளி, சப்போர்ட் என்று அடித்துப் பாருங்கள். கிராபிக்ஸ் பகுதியில் "எல்எல்விஎம்பைப்" என்று தெரிந்தால் உங்களுக்கும் அதே வியாதிதான். கிரப்பிலிருந்து அந்தச் சொல்லை நீக்கி, புதுப்பித்து, மறுபடி தொடங்குங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): பேசாமல் 800 வெள்ளிக்குள் பழைய லேப்டாப் வேறு வாங்கிவிடலாமா? எதைப் பார்ப்பது?

வாங்கலாம் அக்கா. ஐ5க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 1135 என்றால் பதினொன்று. ஏழிலிருந்து விபி9 முழுதாகச் சிப்பில் ஓடும். ஏவி1 வேண்டுமென்றால் பதினொன்று. உங்கள் பணத்துக்கு எட்டு கிடைத்தால் போதும். இன்டெல் 1972இல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது நம் பினாங்கில்தான். நீங்கள் வாங்கும் சிப் பாயான் லெப்பாஸைப் பார்த்துவிட்டு வந்ததாகக்கூட இருக்கலாம்.

கடைக்குப் போகும்போது மின்ட் போட்ட பென்டிரைவ் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். அதிலிருந்து கணினியைத் தொடங்கி, வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். கடைக்காரர் "அதெல்லாம் முடியாது" என்றால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.