மனுநீதிச் சோழனும் ஓர் அமெரிக்க அதிபரும்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்ன 'ஃபெயில் சேஃப்' படத்தை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பார்த்தோம். அணுகுண்டுப் படம் என்றதும் வேறு மாதிரி எதிர்பார்த்துவிட்டேன். நாலு அறை, நாலு தொலைபேசி, ஓயாத பேச்சு. பின்னணி இசைகூட இல்லை. முதல் அரை மணி நேரம் கண்ணைச் சொக்கியது. முடிவு என்னவோ ராத்திரி தூங்கவிடவில்லை. ஆனால் ஓர் அதிபர் தன் மனைவி இருக்கிற ஊரின் மீதே குண்டு போடச் சொல்வாரா? நம்பமுடியவில்லை. என் மனைவி, "இது நம்ம மனுநீதிச் சோழன் கதைதானே" என்றாள். அப்புறம், அறுபது வருஷத்துக்கு முந்தைய இந்தக் கதையைப் பார்த்து இன்றைக்கு ஏன் பயப்பட வேண்டும்?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி சொன்னதை இரண்டு நாளாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். (படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிடலாம். முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது.)

முதலில் உங்கள் தூக்கம். 1964இல் சிட்னி லூமெட் இதை எடுத்தபோது அமெரிக்க ராணுவம் உதவ மறுத்துவிட்டது. காட்டுவதற்கு விமானம் இல்லை, முகங்கள்தான் இருந்தன. சரி, அதுவே போதும் என்று இறங்கிவிட்டார். அதிபராக ஹென்றி ஃபோண்டாவும் மொழிபெயர்ப்பாளராக லாரி ஹேக்மனும் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, தவறுதலாகக் கிளம்பிவிட்ட குண்டுவீச்சு விமானங்களைப் பற்றி மாஸ்கோவுடன் பேசும் காட்சிகளை மட்டும் மறுபடி பாருங்கள். சோவியத் தலைவரை நாம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. 'அவர் சொல்வதை மட்டுமல்ல, குரலில் என்ன தெரிகிறது என்பதையும் சொல்' என்று அதிபர் அந்த இளைஞனிடம் கேட்டுக்கொள்கிறார். அதன்பிறகு இரண்டு நாடுகளின் கதியும் அந்தப் பையனின் தொண்டைக்குழியில் நிற்கிறது. எனக்கு இதைவிடப் பதற்றமான துரத்தல் காட்சி வேண்டாம்.

ஒரு வேடிக்கை: அணுப்போரின் விளிம்புவரை போன கியூபா நெருக்கடிக்குப் பிறகு, 1963 ஆகஸ்டில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே நிஜமாகவே போடப்பட்ட நேரடி இணைப்பு தொலைபேசியே அல்ல, தட்டச்சில் செய்தி அனுப்பும் டெலிபிரிண்டர். அவசரத்தில் வாய்ப்பேச்சைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்ற பயம்தான் காரணம்.

பழங்கதை என்கிறீர்கள். படத்தில் தவறு எங்கே தொடங்குகிறது? ஒரு கருவியில். பழுதான கருவி ஒரு அமெரிக்கக் குண்டுவீச்சு விமானக் குழுவுக்கு 'மாஸ்கோவைத் தாக்கு' என்று தப்பான உத்தரவை அனுப்பிவிடுகிறது. அதற்குமேல் எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்கிறார்கள், அதனால்தான் நாசம். விமானி கிரேடிக்குக் கொடுத்த பயிற்சி, ஒரு கட்டத்துக்குமேல் யார் குரலையும் நம்பாதே, எதிரி குரலை மாற்றிப் பேசுவான் என்பது. அதிபர் பேசுகிறார், கேட்கவில்லை. மனைவியே ரேடியோவில் கதறுகிறாள், அப்போதும் அவன் திரும்பவில்லை. நல்ல சிப்பாய்.

கிரேடிக்கு நேர் எதிரான ஆள் நிஜத்தில் இருந்தார். 1983 செப்டம்பர் 26 நள்ளிரவு, மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு கண்காணிப்பு நிலையத்தில் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்ற சோவியத் அதிகாரி பணியில் இருந்தார். அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாகக் கணினி காட்டியது. போர் தொடுப்பவன் ஐந்தோடு நிறுத்துவானா என்று யோசித்து, பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேகத்தில் பட்ட வெயிலைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எண்ணியிருந்தது. விதிப்புத்தகம் சொன்னபடி அவர் நடந்திருந்தால்?

இன்னும் அருகில் வேண்டுமா? 2022 மார்ச் 9 அன்று நம் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து பாகிஸ்தானில் மியான் சன்னு பக்கம் விழுந்தது. யாரும் சாகவில்லை. வழக்கமான பராமரிப்பின்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று இரண்டு நாள் கழித்து அரசு சொன்னது. ஆகஸ்டில் மூன்று விமானப்படை அதிகாரிகளைப் பணிநீக்கம் செய்தார்கள். இரண்டு பக்கமும் அணுகுண்டு வைத்திருக்கும் எல்லையைத் தாண்டித்தான் அது போனது. எனவே பயப்படுங்கள்.

இனி உங்கள் மனைவி. அவர் நினைத்ததைவிடவும் அந்த ஒப்பீடு பொருந்துகிறது. சேக்கிழார் சொல்லும் கதையில், தேர்க்காலில் கன்றை மாய்த்த இளவரசன் மீது தேரை ஓட்டும்படி அரசன் முதலில் தன் அமைச்சர் ஒருவருக்குத்தான் ஆணையிடுகிறான். அவரால் முடியவில்லை, உயிரை விட்டுவிடுகிறார். படத்தில் மாஸ்கோ அழிந்தபின், அது விபத்துதான் என்று மெய்ப்பிக்க நியூயார்க் மீது குண்டு போடும் வேலை ஜெனரல் பிளாக்குக்கு வருகிறது. அவருடைய மனைவி, பிள்ளைகளும் அதே ஊரில். இவர் உத்தரவை நிறைவேற்றிவிட்டுச் சாகிறார். அமைச்சர் செய்யாமல் செத்தார், தளபதி செய்துவிட்டுச் சாகிறார். இந்த இடத்தில் எனக்குப் படத்தின் மீதே கோபம் வருகிறது. சோழன் கொடுத்தது தன் பிள்ளையை. கன்றுக்கு ஈடாகத் திருவாரூரில் இன்னொரு வீட்டுத் தொழுவத்துக் கன்றை அவன் வெட்டவில்லை. அதிபர் தன் மனைவியோடு சேர்த்து, தன்னுடையதல்லாத லட்சக்கணக்கான உயிர்களைக் கொடுக்கிறார். ஃபோண்டாவின் கண்ணியமான முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இது உறைப்பதில்லை. அதை நீதி என்று நாமும் ஒருகணம் நம்பிவிடுகிறோம். நீங்கள் 'நம்பமுடியவில்லை' என்றது அதனால் எனக்குப் பிடித்திருந்தது.

திருவாரூரில் கடைசியில் சிவன் விடைமேல் வந்து நிற்கிறார். கன்று, இளவரசன், அமைச்சர் மூவரும் எழுகிறார்கள். படத்தில் நியூயார்க் தெருவில் போகிறவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக உறைந்து நின்றுபோனபின் திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது: கடுமையான பாதுகாப்பு ஏற்பாடுகள் இருப்பதால் இப்படியெல்லாம் நடக்க வாய்ப்பே இல்லை என்பது பாதுகாப்புத் துறை, விமானப்படை இரண்டின் நிலைப்பாடு என்று. கண்ணைச் சொக்கியதில் அதைத் தவறவிட்டிருந்தால், உங்கள் மனைவியிடம் கேளுங்கள். அவர் படித்திருப்பார்.