கும்பகோணத்தில் சொந்தமாக டாக்ஸி வாங்கி ஓட்டினால் கட்டுப்படியாகுமா? பெர்மிட் செலவு அதிகமா?

கேட்ட தோரணையைப் பார்த்தால் முன்பணம் கட்டிவிட்டுத்தான் கேட்கிறீர்கள் போல. சரி, பதினோரு வருஷமாக மஞ்சள் போர்டு வாடகைக் கார் ஓட்டுகிறேன். நவக்கிரகக் கோயில் சவாரிதான் எனக்குச் சோறு.

பெர்மிட்டுக்குக் கட்டும் பணம் ஆளைக் கவிழ்க்காது. கூடவே வருவதுதான் கவிழ்க்கும். சொந்த உபயோக வண்டியைவிட இன்சூரன்ஸ் அதிகம். வண்டிக்கு 8 வயது ஆகும்வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, அப்புறம் வருஷாவருஷம். போன தடவை டிங்கரிங், பெயின்ட் எல்லாம் பார்த்துக் கொண்டுபோனேன். பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் ஓரத்தில் விரல்கடை அளவு உரிந்திருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். நல்ல முகூர்த்த நாளில் வண்டி வாசலில் நின்றது. தவணை நிற்குமா?

அடுத்தது எல்லை. ஒன்பது கோயிலில் திருநள்ளாறு மட்டும் காரைக்காலில், அதாவது புதுச்சேரியில். வெறும் தமிழ்நாடு பெர்மிட்டோடு போனால் தனியாகத் தற்காலிக பெர்மிட் போட வேண்டும். 2023 டிசம்பர் சனிப்பெயர்ச்சிக்குக் கோயம்புத்தூர் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு, அவசரத்தில் அதைப் போடாமல் போய்விட்டேன். என் தப்புதான், யாரும் வந்து பாடம் நடத்த வேண்டாம். அம்பகரத்தூர் பக்கம் ஓரங்கட்டச் சொன்னார்கள். ஆர்சியும் கையுமாக நிற்கிறேன், எங்கள் தெருக்காரர் வெள்ளை போர்டு காரில், அதாவது சொந்த உபயோகத்துக்கான காரில், வாடகைக்கு ஆளேற்றிக்கொண்டு, என்னைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார். "ஏனுங் தம்பி, அந்தக் காரை ஏன் நிறுத்தல?" என்று பின்சீட்டு அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆனால் உள்ளே இருப்பவர்கள் "சொந்தக்காரங்க சார்" என்றால் முடிந்தது. இதைக் கண்டித்து ஒருநாள் எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்தோம். அன்றைக்கு வெள்ளை போர்டுக்குத்தான் நல்ல ஓட்டம். அவர்களும் வயிற்றுப்பாட்டுக்குத்தான் ஓட்டுகிறார்கள், தெரியும். எனக்கும்தான் வயிறு இருக்கிறது.

கட்டுப்படியாகுமா என்றால், மாதம் இருபது நாளாவது சவாரி இருந்தால் ஆகும். எடுக்கும்போதே ஆல் இந்தியா பெர்மிட்டாக எடுத்துவிடுங்கள்.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன். தை, மாசியில் பாதி ரோட்டில் நெல் காயும். நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான், கொள்முதல் நிலையத்தில் இடமில்லாவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? ஆனால் ராத்திரி குவியலைச் சுற்றிக் கருங்கல்லை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என் பம்பர் இரண்டு தடவை போயிருக்கிறது.